எட்டு யூரோ பாட்டிலை ரசிப்பது எப்படி? கோட் டு ரோன் சிவப்பு ஒயின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறேன். ரோன் ஆறு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்த ஆற்றோடு தெற்கே அவிஞ்ஞோன் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய வரை திராட்சைத் தோட்டங்கள். அங்கே விளைகிற கலவைச் சிவப்பு ஒயின்தான் கோட் டு ரோன். இங்கே புதிதாகக் குடிவந்த நண்பர்களும் ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதி வைக்கிறேன்.

கோட் டு ரோன் என்பது திராட்சையின் பெயரா, கம்பெனியின் பெயரா?

இரண்டும் இல்லை, இடத்தின் பெயர். 'ரோன் ஆற்றங்கரைச் சரிவுகள்' என்று பொருள். வடக்கே வியென் நகரத்திலிருந்து தெற்கே அவிஞ்ஞோன் வரை சுமார் 200 கிலோமீட்டருக்குள் வருகிற 171 ஊர்களில் விளைந்த திராட்சைக்குத்தான் இந்தப் பெயர் உரியது. எந்த ஊர், எந்த ரகத் திராட்சை, எவ்வளவு மகசூல், குறைந்தது எத்தனை சதவீத ஆல்கஹால் எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. நம் ஊரில் புவிசார் குறியீடு என்கிறோமே, அதன் மூத்த உறவு இது.

பெயருக்கு வயது அதிகம். ஆற்றின் வலது கரையில் ரோக்மோர் என்ற துறைமுக ஊர் வழியாகப் பீப்பாய்கள் படகேறின. வேறு ஊர் ஒயினை இந்த ஊர்ப் பெயரில் விற்கிற ஏமாற்று வேலை நடந்ததால், 1737-இல் அரசாணை போட்டுப் பீப்பாய்களில் சி, டி, ஆர் என்ற எழுத்துகளைச் சூடு போட்டுப் பதிக்க வைத்தார்கள். இன்றைய சட்டப்பூர்வமான பெயர் 1937-இல் வந்தது. அதற்காக முன்நின்றவர் ஷாட்டோநெஃப் டு பாப் ஊரில் தோட்டம் வைத்திருந்த வழக்கறிஞர், பரோன் பியேர் லு ருவா. பிரான்ஸ் முழுவதற்குமான ஒயின் பெயர் விதிகளை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஏன் கலக்க வேண்டும்? ஒரே திராட்சையில் செய்ததுதானே சுத்தமானது, உசத்தியானது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கலப்பு என்றாலே கலப்படம் என்று நமக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது.

காப்பிப்பொடிக் கடையை நினைத்துப் பாருங்கள். "பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி கொஞ்சமா" என்று சொல்லி அரைத்து வாங்குகிறோம். ஒன்று மணத்துக்கு, ஒன்று திடத்துக்கு, ஒன்று நிறத்துக்கு. எந்த விகிதம் நம் வீட்டுக்குச் சரி என்று அம்மாவுக்குத் தெரியும். அதைக் கலப்படம் என்று யாரும் சொல்வதில்லை. தெற்கு ரோனில் நடப்பதும் அதுதான்.

அங்கே தலைமை ரகம் கிரெநாஷ். மெல்லிய தோல், நிறம் குறைவு, சர்க்கரை அதிகம். வெயிலையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கும். ஸ்ட்ராபெரி ஜாம் போல, காய்ந்த அத்திப்பழம் போல இனிப்பு மணம் தரும். வாயில் வெதுவெதுப்பாக, வழவழப்பாக இறங்கும். அதை மட்டும் வைத்துச் செய்தால் சில சமயம் ஆல்கஹால் தூக்கலாகவும் முதுகெலும்பு இல்லாமலும் போய்விடும். காற்றுப் பட்டால் சீக்கிரம் களைத்துப்போகிற ரகமும்கூட.

அங்கேதான் சிரா வருகிறது. ஆழ்ந்த ஊதா நிறம், மிளகு மணம், கெட்டியான துவர்ப்பு. பாரசீகத்திலிருந்து வந்தது என்றெல்லாம் இதற்குப் பழங்கதைகள் உண்டு. 1998-இல் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, தென்கிழக்கு பிரான்சின் இரண்டு பழைய ரகங்களான துரேசாவும் மோந்தேஸ் பிளான்ஷும் சேர்ந்து பிறந்த பிள்ளை என்று தெரிந்தது. இந்த மண்ணின் சொந்த ரகம்.

மூன்றாவது மூர்வேத்ர். தாமதமாகப் பழுக்கும். 'முகம் வெயிலில், கால் தண்ணீரில்' இருக்க வேண்டிய திராட்சை என்று அங்கத்து விவசாயிகள் சொல்வார்கள். பதப்படுத்திய தோல், ஈர மண், சமைத்த இறைச்சி போன்ற கனமான மணங்களைக் கொடுக்கும். கொஞ்சம் சேர்த்தாலே அடியில் ஒரு ஆழம் வந்துவிடும். இவை போக சென்சோ, கரிஞ்ஞான் எனத் துணை ரகங்களும் உண்டு.

கலப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு வருடம் வெயில் கொளுத்தி கிரெநாஷில் சர்க்கரை ஏறிவிட்டால், சிராவைக் கூட்டிச் சமன் செய்யலாம். ஒரு ரகம் பூக்கிற நேரத்தில் மழை பெய்து மகசூல் போனாலும் மற்றவை இருக்கும். ஒரே ரகத்தை நம்பியவருக்கு அந்த வசதி இல்லை. ஆண்டுக்கு ஆண்டு ருசி ஒரே தரத்தில் நிற்பதற்குக் கலவை செய்பவரின் நாக்குதான் காரணம். நல்ல கோட் டு ரோனைக் குடிக்கும்போது அந்த மனிதரின் முடிவைக் குடிக்கிறோம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் இவ்வளவு மலிவு?

பிரெஞ்சு சூப்பர் மார்க்கெட்டில் ஆறு முதல் பத்து யூரோவுக்குள் நல்ல பாட்டில் கிடைக்கும். தரம் குறைந்ததால் வந்த மலிவு அல்ல அது. பரப்பு பெரியது. விளைச்சலில் பெரும்பங்கைக் கூட்டுறவுச் சங்கங்கள் எடுத்துச் செய்கின்றன. மிஸ்ட்ரால் என்கிற வறண்ட வடகாற்று மழைக்குப் பிறகு இலைகளை உலர்த்திவிடுவதால் பூஞ்சை நோய் குறைவு, மருந்துச் செலவும் குறைவு.

எல்லாவற்றையும்விட, பீப்பாய்ச் செலவு மிச்சம். 225 லிட்டர் பிடிக்கும் புது ஓக் பீப்பாய் பல நூறு யூரோ. அதிலிருந்து 300 பாட்டில்தான் வரும். பாட்டிலுக்கு இரண்டு மூன்று யூரோ அப்படியே ஏறிவிடும். கிரெநாஷுக்கோ சிறிய மரப்பீப்பாய் ஒத்துக்கொள்ளாது. அதனால் பெரும்பாலும் சிமென்ட் தொட்டியிலோ எஃகுத் தொட்டியிலோ வைக்கிறார்கள். செலவு குறைகிறது, பழத்தின் மணமும் மரவாசனையில் மூழ்காமல் நிற்கிறது.

லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?

'கோட் டு ரோன்' என்று மட்டும் இருந்தால் அடிப்படைத் தரம். 'கோட் டு ரோன் வில்லாஜ்' என்றால் விதிகள் இன்னும் கடுமை. அதோடு ஓர் ஊர்ப் பெயரும் சேர்ந்திருந்தால் ஒரு படி மேல். ஜிகொந்தாஸ், வக்கேராஸ், கேரான் போன்ற ஊர்கள் தனிப் பெயரிலேயே விற்கும் தகுதி பெற்றவை. ஜிகொந்தாஸ் 1971-இல் பெற்றது, கேரான் 2016-இல்தான். புகழ் உச்சியில் ஷாட்டோநெஃப் டு பாப். கொடுக்கிற காசுக்குச் சரியான இடம் எது என்றால், ஊர்ப் பெயரோடு கூடிய வில்லாஜ் பாட்டில்தான் என் தேர்வு. பக்கத்து ஊரின் புகழுக்காக அங்கே காசு கொடுக்க வேண்டியதில்லை.

'மீஸ் ஆன் பூத்தேய் ஓ தொமேன்' என்று இருந்தால் தோட்டக்காரரே பாட்டிலில் அடைத்தது. பின்பக்கம் திராட்சை விகிதம் போட்டிருந்தால் அவசியம் படியுங்கள். சுவைத்துப் பழகுவதற்கு அதைவிட நல்ல துணை இல்லை. பாட்டிலின் கனம், தங்கப் பதக்க ஸ்டிக்கர் இரண்டையும் நம்ப வேண்டாம்.

சரி, எப்படிச் சுவைப்பது? முறை ஏதாவது உண்டா?

உண்டு, கஷ்டமில்லை. முதலில் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றுங்கள். மிச்ச இடம் மணத்துக்கு. வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதாச் சாயல் இருந்தால் இளசு அல்லது சிரா அதிகம். செங்கல் நிறம் தட்டினால் வயதாகிவிட்டது. நடுவில் விரல் தெரிகிற அளவுக்கு வெளிறி இருந்தால் கிரெநாஷ் தூக்கல் என்று யூகிக்கலாம்.

அடுத்து, சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள். பிறகு கோப்பையை மேசையில் வைத்தபடியே சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே உங்களுக்குத் தெரியும். சுழற்றும்போது உள்சுவர் முழுக்க ஒயின் படர்ந்து, ஆவியாகும் பரப்பு கூடுகிறது. மூக்கு ஒரே மணத்துக்குச் சீக்கிரம் பழகி மரத்துவிடும். ஆகவே நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னதாக மோந்து பார்த்து, நடுவில் இடைவெளி விடுங்கள்.

பிறகு ஒரு மிடறு. உடனே விழுங்க வேண்டாம். நாக்கின் மேல், ஈறுகளில், கன்னத்துக்குள் படர விட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பகுதி தொண்டை வழியாக மூக்கின் பின்புறம் ஏறுகிற மணம்தான். சளி பிடித்தால் ரசம் சப்பென்று இருப்பதும் அதனால்தான்.

இப்போது நான்கு விஷயங்களை மட்டும் கவனியுங்கள்: நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறவைக்கிற புளிப்பு, ஈறைப் பிடிக்கிற துவர்ப்பு, தொண்டையில் ஆல்கஹாலின் சூடு, நடுவில் பழத்தின் சாறு. எது முன்னால் வந்து நிற்கிறது? எது பின்தங்குகிறது? நல்ல கலவையில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்காது. விழுங்கிய பிறகு மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். நாலைந்து நொடியில் சுவை மறைந்தால் சாதாரணம். பத்தைத் தாண்டி நின்றால், எட்டு யூரோவுக்கு அது பெரிய பரிசு.

பல பாட்டில்களை ஒப்பிடுகிற நாளில் துப்பிவிடுவதே சரி. ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

புத்தகத்தில் ராஸ்பெரி, பிளாக்கரன்ட் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே வரவில்லையே?

நீங்கள் ராஸ்பெரியோடு வளரவில்லை, அவ்வளவுதான். மணம் என்பது நினைவு. உங்கள் நினைவில் இருப்பதைத்தான் உங்கள் மூக்கு எடுத்துக் கொடுக்கும்.

எனக்குச் சிரா அதிகமுள்ள கோட் டு ரோன் எல்லாம் நாவல் பழம்தான். நிறமும் அதுதான், நாக்கு ஊதாவாகிற விதமும் அதுதான், கடைசியில் வருகிற துவர்ப்பும் அதுதான். கிரெநாஷில் நன்றாகப் பழுத்த அத்தியும், சில சமயம் பேரீச்சையும் வரும். தெற்குப் பிரான்சின் புதர்க்காட்டில் வெயிலில் காயும் தைம், ரோஸ்மேரி செடிகளின் வாசனை இந்த ஒயினில் உண்டு என்பார்கள். எனக்கு அது உலர்ந்த துளசிக்கும் ஓமவல்லிக்கும் நடுவில் எங்கேயோ படுகிறது.

மிளகு மட்டும் யாருடைய கற்பனையும் அல்ல. சிராவின் மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற மிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். சிவப்பு ஒயின் ஒரு லிட்டரில் வெறும் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதே சோதனையில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, சோதித்ததிலேயே மிக அதிக அளவிலும் அது தெரியவே இல்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் "மிளகு!" என்று சொல்லி உங்களுக்கு வராவிட்டால், அது உங்கள் குறை அல்ல.

குடித்ததும் வாயெல்லாம் துவர்க்கிறது. கெட்டுப்போனதா?

இல்லை. அதுதான் டானின். திராட்சைத் தோல், கொட்டை, காம்பு இவற்றிலிருந்து வருவது. எச்சிலில் இருக்கும் புரதங்களோடு சேர்ந்து அவற்றைத் திரட்டிவிடுவதால் வாயின் வழவழப்பு போய் உலர்ந்த மாதிரி இருக்கிறது. பாக்கு, வாழைப்பூ, பால் விடாத கெட்டித் தேநீர் எல்லாம் செய்வது இதையேதான்.

இதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. துவர்ப்பை அறுசுவைகளில் ஒன்றாக எண்ணி, அதற்குத் தனிப்பெயர் வைத்து, சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்தவர்கள் நாம். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். ஒயின் வகுப்புகளில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவே தனியாக நேரம் ஒதுக்குகிறார்கள். நீங்கள் அதை ஏற்கெனவே படித்து முடித்தவர். இனி அதன் தரத்தைக் கவனித்தால் போதும்: நெல்லிக்காய் போல மென்மையாக இருக்கிறதா, பிஞ்சு வாழைக்காய்த் தோல் போல முரட்டுத்தனமாகப் பிடிக்கிறதா?

விலை கூடினால் சுவையும் கூடும்தானே?

ஓரளவு வரை. அதற்கு மேல் நம் மூளை நம்மை ஏமாற்றுகிறது. 2008-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லி 20 பேருக்குக் கொடுத்தார்கள். 90 என்று கேட்டபோது அதிகம் பிடித்திருக்கிறது என்றார்கள். ஸ்கேன் செய்தபோது, மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதியும் உண்மையாகவே கூடுதலாக வேலை செய்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை.

அதற்கு முன் 2001-இல் போர்தோவில் 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். செர்ரி, மிளகு என்று சிவப்பு ஒயினுக்கான சொற்களிலேயே அதை வர்ணித்தார்கள். ஒயினைப் படித்த மாணவர்களின் கண்ணே மூக்கை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் வீட்டில் ஒப்பிடும்போது பாட்டில்களைத் துணியால் சுற்றி மூடிவிடச் சொல்கிறேன்.

எந்தச் சூட்டில், எந்தக் கோப்பையில்?

சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்க வேண்டும் என்பது குளிர்நாட்டுப் பழைய வீடுகளைப் பார்த்துச் சொன்னது. 16, 17 டிகிரி போதும். கோடைக்காலத்தில் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். 25 டிகிரியில் கிரெநாஷின் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், பழம் காணாமல் போகும். கோப்பை வாய்ப்பக்கம் குறுகி இருந்தால் எதுவும் சரி. லியோன் உணவகங்களில் அடி கனமான 46 சென்டிலிட்டர் பாட்டிலில் இதைக் கொண்டுவந்து வைப்பார்கள். சாதாரணக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் குடிப்பவர்களும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

நம் சாப்பாட்டோடு போகுமா?

மிளகு ஆட்டுக்கறி வறுவலோடு அருமையாகப் போகும். கறியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கும், மிளகு மிளகோடு சேரும். சுக்கா, கத்தரிக்காய் வதக்கல், காளான் வறுவல் எல்லாம் சரி.

மிளகாய்க் காரம் வேறு கதை. அது ஆல்கஹாலின் எரிச்சலை இரட்டிப்பாக்கும், துவர்ப்பையும் முரடாக்கும். காரக்குழம்போடு வேண்டவே வேண்டாம். மீனோடு குடித்தால் சில சமயம் வாயில் கவிச்சி வாடை நிற்கும். ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனின் கொழுப்போடு சேர்வதால் வருவது அது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். தயிர் சாதத்தோடு முயன்று பார்த்தேன், சேரவில்லை.

கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? மிச்சத்தை என்ன செய்வது?

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச்சாக்கு வாடை வந்தால் கார்க்கில் கோளாறு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழமணம் செத்துப்போயிருக்கும். கடையில் திருப்பிக் கொடுங்கள். காடி வாடை வந்தால் காற்றுப் பட்டுப் புளித்துவிட்டது. அடியில் கசடு இருந்தால் பயப்பட வேண்டாம்.

மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சிரா, மூர்வேத்ர் அதிகம் உள்ளவை அப்படித்தான் திறந்துகொள்ளும். ஆனால் வருடக்கணக்கில் சேர்த்து வைக்கிற ஒயின் அல்ல இது. அறுவடை ஆண்டிலிருந்து மூன்று நான்கு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள்.

உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

அப்படிச் சொல்லிக் குடிக்க வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. பிரான்சின் பொதுச் சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வரம்பு: வாரத்துக்குப் பத்துக் கோப்பைக்கு மேல் கூடாது, நாளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது, எல்லா நாளும் கூடாது. கோப்பை என்றால் 10 சென்டிலிட்டர்தான். கர்ப்பிணிகள், வண்டி ஓட்டுபவர்கள், மருந்து சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது. குடிக்காதவரை வற்புறுத்துவது எனக்குப் பிடிக்காத பழக்கம். என் வீட்டு மேசையில் அதற்கு இடமில்லை.

எங்கள் ஊரில் கோட் டு ரோன் கிடைக்காது. வேறு என்ன?

ஸ்பெயினில் கிரெநாஷுக்குக் கர்னாச்சா என்று பெயர். கலதாயுத், காம்போ தே போர்கா பகுதிகளிலிருந்து மலிவாக நல்லவை வருகின்றன. ஆஸ்திரேலியாவில் இதே மூன்று ரகங்களைச் சேர்த்து ஜி.எஸ்.எம். என்று விற்கிறார்கள். பழம் இன்னும் கனமாக இருக்கும். பிரான்சிலேயே பக்கத்தில் மினெர்வுவா, கொர்பியேர் உண்டு.

கலவையை உண்மையாகவே புரிந்துகொள்ள வீட்டில் ஏதாவது செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து, கிரெநாஷ் மட்டும் உள்ள ஒரு பாட்டிலும், சிரா மட்டும் உள்ள ஒரு பாட்டிலும் வாங்குங்கள். முதலில் தனித்தனியே சுவையுங்கள். அப்புறம் மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து, 50 மில்லியில் கிரெநாஷ் 40, சிரா 10 என்று கலந்து பாருங்கள். அடுத்து 30, 20. அதற்கடுத்து பாதிக்குப் பாதி. ஒவ்வொன்றையும் ஆளுக்கு ஒரு வாய்.

முதல்முறை எங்கள் வீட்டில் செய்தபோது, ஒயினே பிடிக்காது என்று ஓரமாக உட்கார்ந்திருந்த மைத்துனர் பேசாமல் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல இன்னும் ரெண்டு மில்லி கருப்பு விடுங்க" என்றார். விட்டோம். அதுவரை தனியாக நின்ற ஆல்கஹால் வாடை உள்ளே அடங்கி, மிளகு மெல்ல மேலே வந்தது. இரண்டு மில்லிக்கு அப்படி ஒரு மாற்றம் வரும் என்று அன்றுவரை எனக்கே தெரியாது.